ஒன்பதேகால்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஓம், உயிரோடைதான் கிடக்கிறன்" என்று சிற்றம்பலத்தார் உள்ளேயிருந்து சொன்னார். தினமும் இதைத்தான் சொல்வார். மூன்று வருடமாகக் கேட்டும் எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

என்னுடையது 607, அவருடையது 608. இந்த முதியோர் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்து நான்கு நாளைக்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் செய்துகொண்ட ஏற்பாடு இது. காலை எட்டு மணிக்கு நான் தட்ட வேண்டும். பதில் வராவிட்டால் திறந்து உள்ளே போக வேண்டும். அவர் வீட்டுத் திறப்பு ஒன்று என்னிடம், என்னுடையது ஒன்று அவரிடம்.

லிஃப்டில் புதிதாக ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு தடவை மணிக்கூட்டை முன்னும் பின்னும் தள்ளும் வழக்கத்தை நிறுத்துவது பற்றி மாகாணசபை உறுப்பினர் பொதுமக்களின் கருத்தைக் கேட்கப்போகிறாராம். 29ஆம் திகதி, சனிக்கிழமை, சமூக நிலைய மண்டபத்தில். நான் வாசித்துவிட்டு விட்டுவிட்டேன். சிற்றம்பலத்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

உழுந்து ஊறப்போட்டேன்.

மார்ச் 5, புதன்

அவர் இந்த மணிக்கூட்டு விஷயத்தை விடுவதாக இல்லை. தேத்தண்ணீர் குடிக்கும்போது தொடங்கினார்.

"நிப்பாட்ட வேணும் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். எந்த நேரத்திலை நிப்பாட்டுறது எண்டதிலைதான் சண்டை. நான் சொல்லுறன், பனிக்கால நேரத்திலை நிப்பாட்டட்டும். அதுதான் சூரியன்ர நேரம்."

"எனக்குக் கோடைகால நேரம்தான் வேணும்" என்றேன். "பின்னேரம் வெளிச்சம் நிக்கும்."

"மார்கழியிலை காலமை ஒன்பது மணிமட்டும் இருட்டாக் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையள் இருட்டுக்குள்ளை நடக்கிறதே?"

அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இல்லை. எனக்குப் பிள்ளையே இல்லை. ஆனாலும் அரை மணித்தியாலம் வாதாடினோம்.

அவர் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவர். நான் வவுனியாத் தபால் கந்தோரில் இருந்தேன். தொண்ணூற்றாறில் கொழும்பு அரசாங்கம் நாடு முழுவதற்கும் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியபோது வன்னியை வைத்திருந்த இயக்கம் அதை ஏற்கவில்லை. அரசாங்கப் பக்கம் இருந்த எங்களுக்குப் புது நேரம், அவர்களுக்குப் பழைய நேரம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் அழைப்புக்காக வன்னியிலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து எங்கள் கந்தோருக்கு வருகிற சனம் ஒரு மணி பிந்தி வந்து நிற்கும். "இப்பதானே பிள்ளை பத்து மணி" என்பார்கள். அழைப்பு வந்து, ஆளில்லை என்று துண்டிக்கப்பட்டிருக்கும். ஒரு அம்மா எங்கள் கவுண்டருக்கு முன்னால் தரையில் இருந்து அழுதது ஞாபகம்.

அதைச் சொன்னேன். "அதுதான் சொல்லுறன்" என்றார் அவர். "மணித்தியாலத்தோடை விளையாடக் கூடாது."

மார்ச் 6, வியாழன்

எனக்குக் கோடைகால நேரம் பிடிப்பதற்குக் காரணம் முழங்கால். பனிக்காலம் முழுக்க ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வெளியே இறங்க முடியாது. நேரம் மாறியதும் பின்னேரம் சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். சிற்றம்பலத்தாரும் வருவார். சந்தியில் இருக்கும் தமிழ்க் கடைவரை போய்த் திரும்புவோம். நாற்பது நிமிடம். அவர் மெல்லத்தான் நடப்பார்.

கார்த்திகை தொடங்கி நாலு மாதம் அந்த நடை இல்லை. டாக்குத்தரும் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

உடுப்புத் தோய்த்தேன். வெளியே மழையும் பனியும் கலந்து சேறு.

மார்ச் 8, சனி

இன்று இரவு நேரம் மாறுகிறது. மறந்துபோகக் கூடாது என்று பின்னேரமே சுவர் மணிக்கூடு, அடுப்பு மணிக்கூடு, கைக்கடிகாரம் மூன்றையும் ஒரு மணி முன்னே தள்ளிவிட்டேன். ஆறு மணிபோல 608க்குப் போய் அவருடைய மணிக்கூட்டையும் மாற்றித் தரவா என்று கேட்டேன். தொடவேண்டாம் என்றார். இந்த முறை தான் மாற்றப்போவதில்லையாம்.

அதில் தொடங்கிக் கொஞ்சம் வாய்த்தர்க்கம் ஆகிவிட்டது. அவர் வேறொரு விஷயமும் சொன்னார். அதை எழுத மனமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சிற்றம்பலத்தார் ஆஸ்பத்திரியில். பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் இழுத்துவிட்டது, பேச்சு இல்லை.

நேரம் மாறிய குழப்பத்தில் காலையில் தட்டப் பிந்திவிட்டது. தமிழ் வானொலியில் காலை மரண அறிவித்தல் முடிந்ததும் அவர் அதை நிறுத்திவிடுவார். இன்று பதினொன்றரை தாண்டியும் நகைக்கடை விளம்பரம் நடைக்கு மறுபக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. போய்த் தட்டினேன். பதில் இல்லை. பதினொன்று நாற்பதுக்குத் திறந்தேன். குசினி வாசலில் கிடந்தார். ஒரு செருப்பு காலில், மற்றது கதிரைக்குக் கீழே. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

அம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் வந்தது. அவர்களிடம், "நேரம் மாறினதாலை வரப் பிந்திட்டுது" என்று சொன்னேன். பின்னால் இருக்கையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்குத்தர் பெண் வேகமாக வந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். இவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சரியாக யோசித்துச் சொல்லுங்கள், இது முக்கியம் என்றாள். நேற்றுப் பின்னேரம் ஆறு மணி என்றேன். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்தது என்றால் பார்த்தது.

அவள் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற தாதியிடம் தலையை ஆட்டினாள். அவர்கள் அவசரத்தைக் குறைத்துக்கொண்டதை நான் கண்டேன்.

விமானத்தில் நாலு மணித்தியாலம் தள்ளி எட்மன்ரனில் இருக்கும் மகளுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று பொழுது ஏழேகாலுக்குத்தான் பட்டது. யன்னலில் நின்று பார்த்தேன். நடக்கப் போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

மகள் வதனா வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயது, பல் வைத்தியம் செய்யும் இடத்தில் கணக்காளர். தகப்பனின் நெற்றி அப்படியே. 608இல் தங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் கதவடிக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் இல்லாட்டி அப்பா அங்கயே முடிஞ்சிருப்பார் அன்ரி."

உள்ளே வரச்சொல்லி இடியப்பம் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஒரு வருஷமா அப்பாவை எங்களோடை வந்து இருக்கச் சொல்லிக்கொண்டு இருக்கிறன். கீழ் மாடியிலை அறை கூடக் கட்டிப்போட்டம். இந்த முறை யோசிச்சுச் சொல்லுறன் எண்டவர். உங்களுக்குச் சொன்னவரோ?"

"சொன்னவர்" என்றேன்.

சனிக்கிழமை அவர் சொன்னது அதுதான். மணிக்கூட்டை மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு, "இனி எட்மன்ரனிலை போய்த்தான் மாத்துறதோ தெரியாது, வதனா வரச்சொல்லுறாள்" என்றார். நான் போங்கோவன் என்றேன். மகளிடம் போவது நல்ல விஷயம்தானே. யார் மறித்தது?

மார்ச் 13, வியாழன்

நிரோஷினி என்று ஒரு பிள்ளை வந்தாள். மாகாணசபை உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை. மணிக்கூட்டு மாற்றத்தை நிறுத்தச் சொல்லும் மனுவுக்குக் கையெழுத்துச் சேர்ப்பது அவள்தான். எங்கள் கட்டடத்தில் நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்குது அம்மா. ஆனால் நியூயோர்க்கும் கியூபெக்கும் மாறினால்தான் நாங்களும் மாறுவமெண்டு கிடப்பிலை போட்டிருக்கினம். அதுவும் கோடைகால நேரத்தைத்தான் நிரந்தரமாக்கிற சட்டம். எங்கட மனு பனிக்கால நேரத்திலயே நிக்கச் சொல்லிக் கேக்குது. புள்ளிவிபரம் சொன்னால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஒரு ஆள் எழும்பி, எனக்கு இப்பிடி நடந்தது எண்டு சொன்னால் கேப்பினம். நீங்கள் வந்து ரெண்டு நிமிஷம் கதைப்பீங்களோ?"

நான் யோசித்தேன். சிற்றம்பலத்தார் விரும்பியது இதைத்தானே. அவரால் இனிப் பேச முடியாது. அவருக்காக நான் பேசலாம். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கும் இப்போது இந்த நேர மாற்றம் பிடிக்கவில்லை. நல்லாயிருந்த மனிசனை ஒரு மணித்தியாலம் விழுத்திவிட்டது.

மார்ச் 15, சனி

நிரோஷினி தந்த தாள்களோடு மாடி மாடியாகப் போனேன். பதினொரு வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். இன்றைக்குத்தான் எத்தனையோ வீட்டு வாசல்களுக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலாம் மாடியில் பூரணம் என்று ஒரு அம்மா, எண்பத்துமூன்று வயது, விடவே மாட்டேன் என்று இருத்திவைத்துப் பாயாசம் தந்தா. ஒரு சீனக் கிழவர் எனக்கு விளங்காத மொழியில் நெடுநேரம் பேசிவிட்டுக் கையெழுத்து வைத்தார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. "அந்த ஐயா நீங்கள் இல்லாட்டிச் செத்திருப்பார்" என்கிறார்கள். நேரம் மாறிய குழப்பத்தில் பிந்திவிட்டது என்று நானும் ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஐம்பத்துநாலு கையெழுத்து.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நாற்பத்தேழு. பூரணம் அம்மா லிஃப்டில் என்னைக் கண்டு, "என்ன தவமலர், நாளைக்கும் வாருமன்" என்றா. இந்தக் கட்டடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இதுவரை ஒரு ஆள்தான் இருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தடிமன், இருமல்.

மார்ச் 20, வியாழன்

தடிமன் ஒன்றும் இல்லை. இன்று போனேன்.

அவரைச் சாய்த்து இருத்தியிருந்தார்கள். வாயின் ஒரு பக்கம் தொங்குகிறது. வதனா கரண்டியால் கூழ்போல எதையோ ஊட்டினாள். பாதி வெளியே வழிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தாரோ தெரியாது, நான் யன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.

வெளியே வரும்போது அன்றைக்கு நின்ற அந்த டாக்குத்தர் பெண்ணை நடையில் கண்டேன். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். கடைசியாக நன்றாக இருந்த நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. பிந்திக் கொடுத்தால் மூளைக்குள் இரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். முதல் நாள் பின்னேரம் ஆறு மணி என்று நீங்கள் சொன்னீர்கள். அதனால் கொடுக்க முடியவில்லை. உங்கள் பிழை இல்லை என்று என் தோளில் தட்டினாள்.

"அண்டைக்குக் காலமை ஒன்பதேகாலுக்கு அவர் நல்லா இருந்தவர் எண்டு தெரிஞ்சிருந்தால்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அப்படியென்றால் எங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்திருக்கும், பரிசோதனை சரியாக வந்திருந்தால் கொடுத்திருப்போம் என்றாள். அது கட்டாயம் வேலை செய்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். ஏன் கேட்கிறீர்கள் என்றாள்.

சும்மா என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

சமைக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலை எட்டு மணிக்கு என்னை அறியாமல் 608இன் முன்னால் போய் நின்றேன். தட்டவும் செய்துவிட்டேன். வதனா பல்துலக்கியபடி கதவைத் திறந்தாள்.

"என்ன அன்ரி?"

"ஒண்டுமில்லை. நித்திரை கொண்டனியோ எண்டு பாக்க வந்தனான்."

அவள் தூரிகையை வாயிலிருந்து எடுத்தாள். கண்கள் கலங்கியிருந்தன. "அப்பா உங்களைப் பற்றி எப்பவும் கதைப்பார். காலமை எட்டு மணிக்கு எழும்பி உடுப்பு மாத்திக்கொண்டு இருப்பன், இல்லாட்டி அவ பேசுவா எண்டு சொல்லுவார்."

நான் ஒருநாளும் அவரைக் கடிந்து பேசியதில்லை. உடுப்பைப் பார்த்ததும் இல்லை. கதவுக்கு இந்தப்பக்கம் நின்று தட்டிவிட்டு வந்துவிடுவேன். அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

மார்ச் 26, புதன்

கையெழுத்து இருநூற்றுப் பன்னிரண்டு. நிரோஷினி தாள்களை வாங்கிக்கொண்டு போனாள். மண்டபத்தில் என் பெயர் மூன்றாவதாம். நான் சொல்ல வேண்டியதை அவளே ஒரு தாளில் அச்சடித்துத் தந்திருக்கிறாள். "மணிக்கூடு மாறியதால் நான் ஒரு மணித்தியாலம் பிந்தினேன். அந்த ஒரு மணித்தியாலம் என் அயலவரின் பேச்சைப் பறித்தது." வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

வதனாவிடம் சொல்லிவிடுவது என்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு 608க்குப் போனேன். அவள் தகப்பனின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் தேறியதும் எட்மன்ரனுக்குக் கூட்டிப்போகிறாளாம். அங்கே பயிற்சி கொடுக்கும் இடத்தில் பதிந்துவிட்டாள்.

"நாளைக்கு நானும் மண்டபத்துக்கு வாறன் அன்ரி. முன்வரிசையிலை இருப்பன். நீங்கள் பதறாமல் கதையுங்கோ."

தேத்தண்ணீர் ஆறிப்போனது. சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

இன்றையதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மண்டபத்தில் எண்பது, தொண்ணூறு பேர் இருந்தார்கள். பூரணம் அம்மா சக்கர நாற்காலியில் வந்திருந்தா. முதலில் ஒரு பேராசிரியர் நித்திரை, இருதயம் பற்றிப் பேசினார். பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒருவர், நேரம் மாறிய கிழமையில் காலையில் றோட்டுக் கரையில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று சொன்னார். இரண்டு பேரும் உண்மைதான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

நிரோஷினி என் பெயரைச் சொன்னாள். போய் ஒலிவாங்கியின் முன்னால் நின்றேன். அவள் தந்த தாளை விரித்தேன். முதல் வரியை வாசித்தேன். "மணிக்கூடு மாறியதால் நான் ஒரு மணித்தியாலம் பிந்தினேன்." முன்வரிசையில் வதனா தலையாட்டினாள், தைரியம் சொல்வதுபோல.

தாளை மடித்தேன்.

"இது சரியில்லை" என்றேன். "என்ர பேர் தவமலர். நான் நேரத்தை மறக்கேல்லை. முதல்நாள் பின்னேரமே என்ர மூண்டு மணிக்கூட்டையும் மாத்திப்போட்டன். ஞாயித்துக்கிழமை எட்டு மணி எப்ப வந்ததெண்டு எனக்கு வடிவாத் தெரியும். அவரோடை கோபத்திலை நான் வேணுமெண்டே தட்டப் போகாமல் இருந்தனான்."

நிரோஷினி எழுந்து பிறகு இருந்தாள்.

"அவர் தன்ர மணிக்கூட்டை மாத்தேல்லை. அவருக்கு எட்டேகால், எனக்கு ஒன்பதேகால். நான் வரேல்லை எண்டு பாத்து அவர் வந்து என்ர கதவைத் தட்டினவர். அப்ப நல்லாத்தான் கதைச்சவர். நான் கட்டில்லை இருந்தனான். திறக்கேல்லை. பிறகு ஆஸ்பத்திரியிலை, கடைசியா எப்ப நல்லா இருந்தவர் எண்டு கேட்டவை. ஒன்பதேகால் எண்டு சொல்லியிருந்தால் ஒரு மருந்து குடுத்திருப்பினம். சொன்னால், ஏன் கதவைத் திறக்கேல்லை எண்டு கேப்பினமே எண்டு நான் முதல்நாள் ஆறு மணி எண்டு சொல்லிப்போட்டன். அது முக்கியமான கேள்வி எண்டு அந்தப் பிள்ளை எனக்குச் சொன்னது. சொல்லியும் நான் மறைச்சனான்."

முடிக்க வேண்டும் என்று நின்றேன்.

"மணிக்கூடு மாத்துறதை நிப்பாட்டுறதெண்டால் நிப்பாட்டுங்கோ. அவருக்கு அதுதான் விருப்பம். அதுக்குப் பஸ் ஓட்டுற தம்பி சொன்னதே காணும். ஆனால் என்ர கதையை இதுக்குச் சாட்சியா எடுக்காதையுங்கோ. அது மணிக்கூட்டின்ர பிழை இல்லை."

திரும்பி நடந்தேன். வதனாவைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, என்னைக் கடந்து, பக்கக் கதவால் போனாள். ஓடவில்லை. நடந்துதான் போனாள்.

நிரோஷினி வாசலில் வந்து, அந்த இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தையும் என்ன செய்வது என்று கேட்டாள். பாவம், அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. பின்னால் நாற்காலியில் இருந்த பூரணம் அம்மா அதைக் கேட்டுவிட்டா.

"நான் மணிக்கூட்டுக்குத்தான் கையெழுத்து வைச்சனான், இவவுக்கில்லை. என்ரையை வைச்சிரு" என்றா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு விஷயத்தை மண்டபத்தில் சொல்லவில்லை. அது அந்தச் சனத்துக்குத் தேவையில்லாதது. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒன்பதேகாலுக்கு அவர் கதவைத் தட்டிவிட்டுச் சொன்னது இது:

"தவமலர், கோபமே? நான் அவளுக்கு இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை. உம்மட்டையும் கேட்டிட்டுத்தான் சொல்லுறது எண்டு வைச்சிருக்கிறன். திறவும்."

கொஞ்ச நேரம் நின்றார். கதவுக்கு மற்றப் பக்கம் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. "சரி, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். மத்தியானம் வரை. என்னைக் கேட்டுத்தான் முடிவெடுப்பேன் என்று எழுபது வயதுக்குப் பிறகு ஒரு மனிதர் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாம் என்றுதான் கட்டிலில் இருந்தேன். கோபம் என்று மண்டபத்தில் சொன்னது முதல் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் உண்மை.

எல்லோரும் அவரை அண்ணை என்றார்கள். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நிற்கிறது. அந்தச் சீனக் கிழவர் மட்டும் வழக்கம்போலத் தலையைக் குனிந்து வணக்கம் சொல்கிறார். அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லைப் போல.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்குத்தர் பெண்ணிடமும் சொன்னேன். கோப்பில் நேரத்தைத் திருத்தி எழுதினாள். இதைச் சொல்ல வந்ததற்கு நன்றி என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவரிருந்த அறைக்குப் போகவில்லை. வதனா நிற்கிறாள்.

ஏப்ரல் 5, சனி

வதனா வந்தாள். கதவைத் திறந்ததும் உள்ளே வரவில்லை, நடையிலேயே நின்றாள்.

"ஒரு கேள்வி கேக்க வேணும். அப்பா அண்டைக்கு என்ன சொன்னவர்? கதவுக்கு வெளியிலை நிண்டு?"

அவளுடைய அப்பா கடைசியாக ஒழுங்காகப் பேசிய பேச்சு அது. அவளுக்குத்தான் அது சொந்தம். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கு எழுபத்திரண்டு வயது என்பது பெரிய வெட்கமாக இருந்தது.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"எனக்கு உங்களிலை இருக்கிற கோபம் போகாது அன்ரி."

"போக வேண்டாம் பிள்ளை."

"அடுத்த சனி கூட்டிக்கொண்டு போறன். எயார்போட்டுக்கு ஏத்திக்கொண்டு போக ஒரு மணிக்கு வான் வரும். பன்னிரண்டரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவரைப் பாக்கலாம். நான் மறிக்கமாட்டன்."

அவள் 608க்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஏப்ரல் 9, புதன்

குளிர் குறைந்துவிட்டது. அடுப்பைத் துடைத்தேன். அலுமாரியை ஒழுங்குபடுத்தினேன். எந்தச் சேலை என்று யோசிப்பதற்கே ஒரு பின்னேரம் போய்விட்டது.

ஏப்ரல் 12, சனி

பன்னிரண்டு இருபத்தைந்துக்கே போய்விட்டேன். ஆஸ்பத்திரியின் கீழ் மண்டபத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். தலை சீவி, சாம்பல் நிற மேலங்கி போட்டு, பயணத்துக்கு ஆயத்தம். மெலிந்துவிட்டார். வதனா கடதாசிகளில் கையெழுத்து வைக்க எழுந்தாள்.

"செவ்வாய்க்கிழமை தொடங்கி ஒரு சொல்லு வருது" என்று என்னைப் பாராமல் சொன்னாள். "நாளைக்கு. அது மட்டும்தான். என்ன கேட்டாலும் நாளைக்கு எண்டுறார். மூளையிலை அந்த ஒண்டுதான் மிஞ்சினதெண்டு சொல்லுகினம். வேற சொல்லுகளும் மெல்ல மெல்ல வருமாம்."

அவள் போனதும் நான் அவருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். இந்த முறை யன்னல் பக்கம் திரும்பவில்லை. அவர் கண் தெளிவாக இருந்தது. முழுவதையும் சொன்னேன். கதவைத் திறக்காததை, கட்டிலில் இருந்ததை, ஏன் இருந்தேன் என்பதை, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை, மண்டபத்தில் சொன்ன உண்மையை. நடுவில் எங்கள் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டு போனது. அவர் அங்கே பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்னிலை கோபமே?" என்று கேட்டேன்.

வாய் கோணியது. பெரும்பாடுபட்டு, "நாளைக்கு" என்றார்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"தண்ணி குடிக்கப்போறீங்களோ?"

"நாளைக்கு."

போத்தலில் குழாய் போட்டு வாயின் நல்ல பக்கத்தில் பிடித்தேன். உறிஞ்சிக் குடித்தார். நிறையக் குடித்தார். நாடியில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். மூன்று வருடத்தில் நான் அவரைத் தொட்டது அன்றைக்குத் தரையில் கிடந்தபோதும் இன்றைக்கும்தான்.

ஒரு மணிக்கு வான் வந்தது. வதனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏற்றும் பலகை மேலே போகும்போது அவர் தலையைத் திருப்பப் பார்த்தார், கழுத்து வரவில்லை. வதனா ஏறுமுன் ஒருகணம் நின்று, "போட்டு வாறம்" என்றாள். என்னிடம்தான் சொன்னாள். வேறு யாரும் அங்கே இல்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு நாளைக்கு என்றார், கொடுத்ததும் குடித்தார். ஆக, அவர் சொன்னது ஓம். அப்படியென்றால் கோபமா என்று கேட்டதற்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

கோபமாகவே இருக்கட்டும். எதிரில் இருப்பது யார் என்று தெரிந்தால்தான் கோபம் வரும்.